யாரென்று தெரியாத முப்பத்தெட்டு அழைப்பு

சண்முகசுந்தரி எனக்கு மதினி. என் பெரியம்மா மகன் திருஞானசம்பந்தம் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பாவும் என் அப்பாவின் அத்தை மகனும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு சுற்றில் சொந்தம்தான்.

அண்ணனுக்கு அரிசி மில்லில் எடை போடும் வேலை. இருபது வருஷம் நெல் தூசியில் நின்றதில் மூச்சிழுப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மதினி பத்தாவது வரை படித்தவள். வண்ணார்பேட்டையில் டாக்டர் குமரகுருபரன் ஆஸ்பத்திரியில் போன் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நான் நோயாளிகளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டுக்கும் போன் அறைக்கும் ஒரே சுவர், நடுவில் ஒரு ஜன்னல். அதனால் நான் சொல்வதில் முக்கால்வாசி என் கண்ணால் கண்டது.

மதினி பயந்தவள். மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் லைன் எல்லாம் செத்துக் கிடந்த நாட்களில், ஊமையாய்க் கிடந்த அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. யாராவது இறந்துபோனால் அந்தச் செய்தியைப் போனில் சொல்லமாட்டாள். "டாக்டர் உங்களப் பாக்கணும்ங்காக. துணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் பைய வாங்க" என்பாள். சொல்லிவிட்டு என் ஜன்னலில் கையை நீட்டுவாள். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். மதினி அதில் ஒரு படி மேலே. கோயிலில் நால்வர் சன்னதிக்கு முன்னால் நிற்கும்போதுகூட முதல் பெயரை விழுங்கிவிட்டு, "அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர்" என்று கும்பிடுவாள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து போன் செய்கிற பெண்களும் அப்படித்தான். "அவுக எப்படி இருக்காக?" என்று கேட்பார்கள். எவுக? இந்தப் பக்கம் முப்பது கட்டில். மதினி சலிக்கமாட்டாள். "எந்த ஊரு தாயி? யாரு வீட்டுப் பொண்ணு? மூத்தது ஆணா, பொண்ணா?" மூன்று கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவாள்.

தொண்ணூற்றாறில் ஆஸ்பத்திரி மூன்று மாடியாக வளர்ந்தது. ஒயரைச் செருகி எடுக்கிற பழைய போர்டு அதற்குத் தாங்காது. டாக்டர் மதினியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு இருபது போன் இருக்கு சுந்தரி. அஞ்சு வருஷத்துல நூறு ஆகும். வளர வளரச் சேத்துக்கிட்டே போற மாதிரி ஒரு பெட்டி வேணும். போன், பேக்ஸ், வார்டு ஸ்பீக்கர் எல்லாம் அந்த ஒண்ணுலயே வரணும். ரெண்டு கம்பெனி வருது. நீ பாத்து எதுன்னு வெள்ளிக்கிழமை சொல்லு."

"நானா சார்? எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? பன்னெண்டு வருஷமா அதுக்கு முன்னால ஒக்காந்திருக்கது நீதான."

மதினி என் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினாள். தண்ணீர் கொடுத்தேன். "ஏளா சொர்ணம், யாரும் சாகலட்டி. ஆனாலும் தண்ணி வேண்டியிருக்கு பாரு" என்றாள்.

முதலில் வந்தவர் தூத்துக்குடி ரேமண்ட். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பாதி காலியாக இருந்தது. "இந்தக் காலி எடத்துல அட்டை சொருகச் சொருக போன் கூடும்க்கா. கரண்டு போனா பேட்டரி. அதுவும் போனா ஒரு லைன் நேரா உங்க மேசைக்கு வந்துரும். ஆபரேட்டர் மேசை ஒண்ணு போட்டாலும் ஆச்சு, ரெண்டு போட்டாலும் ஆச்சு" என்றார்.

அடுத்து மதுரை கணேஷ்ராம். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவன் பெட்டியும் வளரும், பேட்டரியும் உண்டு. கூடவே அதில் ஒரு குரல் இருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒரு அம்மாள் சுத்தமான தமிழில் பேசுவாள்: 'வணக்கம். தாங்கள் தொடர்புகொள்ள விரும்பும் அறையின் எண்ணை அழுத்தவும்.' எண்ணை அழுத்தினால் நேரே அந்த அறையில் மணி அடிக்கும். அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகத் துண்டித்துக்கொள்ளும்.

"அப்போ ஆபரேட்டர்?" என்று டாக்டர் கேட்டார்.

"தேவைப்படாது சார்" என்றான் அவன். சொன்ன பிறகுதான் மதினி நிற்பதைப் பார்த்தான். பாவம், அவன் முகம் செத்துப்போயிற்று.

மதினி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அண்ணனுக்கு மருந்தும் அதில்தான். குரல் பேசும் பெட்டி வேண்டாம் என்று சொன்னால், நாற்காலியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பார்கள். அது நல்லது என்று சொன்னால் நாற்காலி போய்விடும். ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறாள் போலிருக்கிறது. காலையில் கண் சிவந்து வந்தாள்.

கணேஷ்ராம் தன் பெட்டியைச் செவ்வாயும் புதனும் இரண்டு நாள் போட்டுக் காட்டுவதாகச் சொன்னான். மதினியிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். "அக்கா, நீங்க எதையும் தொடாதீங்க. தொட்டா டெஸ்ட் கெட்டுப் போயிரும். வெளியில இருந்து போன் வந்தா இந்தச் சிவப்பு விளக்கு எரியும். சரியா நம்பர் அழுத்திட்டாங்கன்னா பச்சையாயிரும். சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க."

டாக்டரும், "தொடாத சுந்தரி. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

செவ்வாய் முழுக்கவும் புதன் காலையிலும் மதினி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு எரியும். சில நேரம் பச்சையாகும். பல நேரம் சும்மா எரிந்து அணைந்துவிடும். அவள் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டாள். பச்சையானால் வட்டம், அணைந்துபோனால் கோடு. சத்தமே இல்லை. பன்னிரண்டு வருஷம் மணி அடித்த அறையில் சத்தம் இல்லாமல் போனது எனக்கே என்னவோ போல இருந்தது.

"ஒவ்வொண்ணும் அணையும்போது யாரோ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போற மாதிரி இருக்குட்டி" என்றாள்.

"நீங்க ஒண்ணு மதினி. ராங் நம்பரா இருக்கும்."

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"ஏளா, இங்கன பாரு. எரிஞ்சு அணையுது. ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி எரியுது. மூணு தடவ ஆயிட்டு. இது ஒரே ஆளு."

நானும் பார்த்தேன். நாலு. அஞ்சு. ஒவ்வொரு தடவையும் சிவப்பு கடைசி மட்டும் எரிந்து அணைந்தது. ஆறாவது அணைந்தபோது மதினியின் மேலுதடு வியர்த்திருந்தது.

"எடுங்க மதினி."

"தொடக்கூடாதுன்னுருக்காக. எடுத்தேன்னா, நாற்காலிக்காகக் கெடுத்துட்டாள்னு சொல்லுவாக. வேல போச்சுன்னா உங்க அண்ணனுக்கு மருந்து யாரு வாங்குவா?"

ஏழாவது தடவை எரிந்தது. மதினி அதையே பார்த்தாள். பிறகு சாமி கும்பிடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கி ரிசீவரை எடுத்தாள்.

"யாரு தாயி?" என்றாள்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது, அந்தப் பெண் அழுத சத்தம். பாபநாசத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். "எத்தன தடவ போட்டாச்சு அக்கா! ஒரு பொம்பள என்னமோ வாசிக்கா, வச்சிருதா. நம்பர்னா என்ன நம்பரு, எனக்கு ஒண்ணும் தெரியல. பூத்துக்கார அண்ணாச்சி போய்ட்டு அப்புறமா வாங்கன்னுட்டாரு. நான் காலப் பிடிச்சு நிக்கேன். அவுகளுக்கு இன்னைக்கு ஆபரேசன் அக்கா!"

"அழாத தாயி. எந்த ஊரு? மூத்தது ஆணா, பொண்ணா?"

"அம்பாசமுத்திரம். மூத்தவ ஞானம்பா. வெறும் வயித்தோட கத்திக்கு அனுப்பக்கூடாதுன்னு, நர்ஸ் கண்ணுல படாம தலையணைக்கு அடியில நாலு இட்லி வச்சுட்டு வந்தேன். ஒம்பது மணிக்குத் தின்னுட்டுப் போங்கன்னு சொல்லிட்டு, முதல் பஸ்ஸுக்கு ஏறிக் கோயிலுக்கு வந்தேன். இங்கன சித்தி மக, அவ நர்ஸு, கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. மயக்கம் கொடுக்கையில தின்னது மேல வந்து நெஞ்சுல போயிருமாம். ஆளு தங்காதுங்கா அக்கா!"

மதினி கட்டில் பட்டியலில் விரலை ஓட்டினாள். 'மகள் ஞானம்பாள்' என்று சேர்க்கிற நாளில் அவளே எழுதி வைத்திருந்தாள். அதற்கு நேரே இருந்த பெயரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு ஆபரேஷன் அறைக்குப் போட்டாள். எடுத்தது புது நர்ஸ் ஃபெமினா. உவரிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு மாசம்.

"ஃபெமினா, அம்பாசமுத்திரத்து ஆள நிறுத்தச் சொல்லு. அவரு காலையில தின்னுருக்காரு!"

"எந்த அம்பாசமுத்திரம்க்கா? ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தர இப்பத்தான் உள்ள கொண்டு போறாங்க. பேரச் சொல்லுங்க."

"ஞானம்பாளோட அப்பா."

"அக்கா! இங்கன மகள எல்லாம் எழுதல. பேரு என்ன?"

"எங்க... எங்க வீட்டு அவுக பேருதான்."

"உங்க வீட்டுக்காரர் பேரு எனக்கு எப்படித் தெரியும்? சீக்கிரம் சொல்லுங்கக்கா, டாக்டர் கை கழுவிட்டாரு!"

கட்டில் நம்பரைச் சொல்லியிருக்கலாம். உள்ளே போகிறவர் பெயரை ஃபெமினாவிடமே கேட்டிருக்கலாம். கஞ்சிக் கரண்டியைப் போட்டுவிட்டு நானாவது கத்தியிருக்கலாம், என் அண்ணன் பெயர்தானே. அந்த நிமிஷத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மதினி தாலியை இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். அவள் வாய் இரண்டு தடவை திறந்து மூடிற்று.

"திருஞானசம்பந்தம்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. கத்தவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ அறுந்து விழுந்தது போல வந்தது அந்தப் பெயர்.

உள்ளே கொண்டுபோனது ஞானம்பாள் அப்பாவைத்தான். மயக்க ஊசி போடப் போகிற நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு அந்த மனுஷன், "நாலு இட்லிதான, அது ஒரு சாப்பாடா?" என்றாராம். மறுநாள் வெறும் வயிற்றோடு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

அதையெல்லாம் கேட்க மதினி நிற்கவில்லை. போனை வைத்தவள் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். ஆற்றுப் பாலத்தில் வெயில் காலைச் சுட்டது. அவளுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. "சொல்லிட்டேன் சொர்ணம், சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வீட்டில் அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். மதினி அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

"என்னட்டி இந்த நேரத்துல? சீட்டக் கிழிச்சுட்டாகளா?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

மதினி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். நான் காப்பி கொண்டுபோனவள், தட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முதலில் கணேஷ்ராம்தான் பேசினான். "நடந்ததுக்கு வருத்தமா இருக்கு சார். ஆனா ரெண்டாம் நாள் அவங்க எடுத்துட்டாங்க. இத முழு டெஸ்ட்டுன்னு சொல்ல முடியாது."

டாக்டர் மதினியைப் பார்த்தார். "சுந்தரி?"

அவள் மடியிலிருந்து அந்த மருந்துச் சீட்டை எடுத்தாள். "நான் எடுக்கதுக்கு முந்தி அறுவத்திரண்டு தடவ எரிஞ்சிச்சு சார். பச்சையானது பதினெட்டு. நாப்பத்தி நாலு அணைஞ்சு போச்சு. அதுல ஆறு அந்தப் பாபநாசத்து அம்மா. மிச்சம் முப்பத்தெட்டு யாருன்னு எனக்குத் தெரியாது."

சீட்டை டாக்டர் மேசைமேல் வைத்தாள்.

"என் வேலைக்குப் பயந்துதான் ஆறு தடவ அணையவிட்டேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரேமண்ட் தம்பி பெட்டியப் போடுங்க சார். அதுல ரெண்டு மேச போடலாம்ங்காரு. எடுக்க ஒரு ஆளு இருக்கணும். அது நானா இருக்கணும்னு இல்ல."

"வேற ஆளுக்கு இந்தக் கோடு போடத் தோணுமாம்மா?" என்றார் டாக்டர். ரேமண்டின் பெட்டி வந்தது. மேசை இரண்டு போட்டார்கள். ஒன்றில் மதினியே இருந்தாள். நோயாளியைச் சேர்க்கிற நோட்டில் ஒரு புதுக் கட்டம் கோடு போட்டுச் சேர்த்தார்கள், வீட்டுப் பெண் போனில் அவரை எப்படிச் சொல்லுவாள் என்று கேட்டு எழுத. மச்சுவீட்டு மாமா, ஞானம்பா அப்பா, மில்லுக்காரக என்றெல்லாம் அதில் இருக்கும்.

காலி இடம் நிரம்ப நிரம்ப ரேமண்ட் வந்து அட்டை செருகிவிட்டுப் போவார். போன் நூறைத் தாண்டிற்று. அண்ணன் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்தப் பெயரை மதினி மறுபடி சொல்லவில்லை.

கோடு போட்ட அந்த மருந்துச் சீட்டை மட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். ஊர்ப்பக்கத்துப் பெண் குரல் கேட்டால் போதும், பேச்சை முடிக்கிறதுக்கு முன்னால், "இதுக்கு முந்தி, மிஷினு பேசிட்டு வச்சிருச்சே, அந்தச் செவ்வா, புதன்ல கூப்பிட்டீகளா தாயி?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் ஒரு கோட்டை அடிப்பாள். இரண்டு வருஷத்தில் பதினொன்று அடித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. மதினியும் கேட்பதை நிறுத்தவில்லை.