பதினேழாம் மெஷினுக்குக் குளிர்கிறது

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நான் பார்த்தது மத்தியானம். கையில் வெப்பமானி, எதிரே சுவர்க் கடிகாரம், நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தேன். நம்பவில்லை என்றால் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

முடிச்சூர் பக்கம் ஒரு பை தைக்கும் கம்பெனி. மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருபத்துநான்கு மெஷின். அந்தக் கூரைக்கடியில் மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. சூட்டை மட்டும் அளந்தால் போதாது. உட்கார்ந்திருப்பவர்களையும் கேட்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. 'ரொம்பச் சூடு' என்றால் மூன்று. 'சரியாக இருக்கிறது' என்றால் பூஜ்யம். 'ரொம்பக் குளிர்' என்றால் மைனஸ் மூன்று. எல்லாச் சீட்டும் சேர்ந்து சராசரி ஒன்றைத் தாண்டினால் முதலாளி கூரையை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் போய்விடும்.

"நார்மல்னு வந்தா எல்லாருக்கும் நல்லதும்மா," என்று கிளம்பும்போதே சொன்னார் என் மேலதிகாரி சம்பந்தம். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? என் அப்பா மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டி என்னை டிகிரி வாங்க வைத்தது பொய் எழுதுவதற்கா?

ஒரு தப்பு செய்தேன். தலையை எண்ணாமல் மெஷினை எண்ணிச் சீட்டு வைத்துவிட்டேன். ஆள் இருபத்துமூன்று பேர்தான். பதினேழாம் மெஷினில் யாரும் இல்லை. நாற்காலி காலி.

11.00. திரும்பி வந்தது இருபத்துநான்கு சீட்டு. எல்லாவற்றிலும் டிக். பதினேழு: 'சூடு'.

12.00. பதினேழு: 'ரொம்பச் சூடு'. பக்கத்தில் யாரோ போடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

1.30. வெப்பமானியில் 38.4. மற்ற எல்லாரும் மூன்று. பதினேழு மட்டும்... 'குளிர்'.

2.00. 'ரொம்பக் குளிர்'.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீட்டில் ஆரம்பித்துச் சராசரியை இறக்கப் பார்க்கிறார்கள்! சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் முகத்துக்கு நேரே சீட்டை நீட்டினேன்.

"என்ன சார் இது? கள்ள ஓட்டா?"

"இன்னா மேடம் நீங்க... நான் போடல."

"அப்ப யாரு? உங்க முதலாளி ஏசி ரூமை விட்டு எழுந்து வந்து போட்டாரா?"

"நான் அந்த வரிசைப் பக்கமே போறதில்ல மேடம்."

ஏன் என்று கேட்டேன். நீட்டிய சீட்டைத் தொடாமல் ஓர் எட்டு பின்னால் போனார். அவர் சட்டை முழுக்க வியர்வை. கையில் மட்டும் மயிர் குத்திட்டு நின்றது.

2.30. சீட்டை நானே பதினேழில் வைத்தேன். பேனாவைக்கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நகரவில்லை. எவன் வந்து போடுகிறான், பார்த்துவிடுகிறேன்.

2.36. யாரும் வரவில்லை.

2.38. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெண்கள் தாங்களாகவே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்டக்டக்...

பல்லோடு பல் அடிக்கும் சத்தம்.

காலி நாற்காலியிலிருந்து.

கண்ணில் வியர்வை இறங்கியது. ஒரே ஒரு தடவை துடைத்தேன்.

சீட்டில் டிக்.

மைனஸ் மூன்றில் ஆரம்பித்த கோடு, நடுங்கி நடுங்கி, சீட்டின் ஓரம் வரை இழுபட்டுக் கிடந்தது. மை காயவில்லை.

2.41.

பதினாறாம் மெஷினிலிருந்து மெட்டில்டா அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எழுதிட்டாளா?"

சாயங்காலம் கேட் பக்கத்தில் அவரே சொன்னார். பதினேழில் இருந்தவள் பெயர் உதயா. போன வருஷம் மே ஒன்பது.

"'குளுருதுக்கா, எதாச்சும் போத்திவுடு'ன்னா. நாங்க சிரிச்சோம் மேடம். அனலா அடிக்குது, இவளுக்குக் குளுருதாம்னு. நடிக்கிறான்னுட்டாரு சூப்பர்வைசர். அப்படியே மெஷின் மேல சாஞ்சா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

நர்ஸாக இருக்கும் என் தோழி ஈவ்லினைக் கேட்டேன். "சூடு உடம்பை அடிச்சிடுச்சுன்னா சிலருக்கு நடுக்கம் வரும்டி," என்றாள்.

மறுநாள் சம்பந்தம் சார் சீட்டுகளைப் புரட்டினார். "பதினேழைத் தூக்கிடும்மா. அப்படி ஆளே கிடையாது."

கம்பெனி கொடுத்த வருகைப் பதிவேட்டின் நகல் எங்கள் ஃபைலில் இருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். உதயா பெயருக்கு நேரே ஒரு வரி: 'சொந்தக் காரணம். மே 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டார்.'

செத்த அன்றைக்கு அவள் அங்கே வேலையிலேயே இல்லையாம்! ஒரு வரியில் துடைத்துப் போட்டுவிட்டார்கள், பாவிகள்.

நான் தூக்கவில்லை. பதினேழின் ஐந்து சீட்டையும் அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்தேன். என் வேலை போனால் போகட்டும்.

பின் அடிக்கும்போதுதான் கவனித்தேன். அதுவரை டிக்கை மட்டும்தான் பார்த்திருந்தேன். சீட்டின் தலையில் தேதி எழுத ஓர் இடம் உண்டு. மற்ற எல்லாரும் அன்றைய தேதியை எழுதியிருந்தார்கள்.

பதினேழில், ஐந்து சீட்டிலும் ஒரே தேதி.

மே 9.

போன வருஷம்.