தெமேத்ரியோவின் இடது கன்னம்

பஸ் ஓட்டும் தெமேத்ரியோவுக்கு இருப்பது ஒரே முகம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அண்ணனையும் தம்பியையும் பாதிப் பாதி வெட்டி நடுவில் ஒட்டித் தைத்த மாதிரி இருக்கும். வலது கன்னம் பிசைந்து வைத்த மாவு. இடது கன்னம் தீய்ந்துபோன ரொட்டி. அதன்மேல் காபியைத் தெளித்துவிட்ட மாதிரி கரும்புள்ளிகள் வேறு. தினமும் மத்தியானம் மெலிதோவிலிருந்து ரெஜ்ஜோவுக்குக் கடலை ஒட்டியே பஸ் போகும். ஓட்டுகிறவரின் ஜன்னல் இடது பக்கம், கடல் இடது பக்கம், வெயிலும் இடது பக்கம். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். கன்னம் பாவம், என்னதான் செய்யும்?

கொன்சொலாத்தா பஸ் ஏறும்வரை அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ரெஜ்ஜோவில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடும் விதவை அவள். கதவோரம், வலது பக்கத்து முதல் சீட்டில்தான் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் வெள்ளைக் கன்னம் மட்டும்தான் தெரியும். அவள் ஏறினாலும் இறங்கினாலும் தெமேத்ரியோ ரோட்டையே முறைத்துக்கொண்டுதான் வணக்கம் சொல்வார். கழுத்து சுளுக்கினவன்கூட அதைவிடத் தாராளமாகத் திரும்புவான்.

மார்ச் மாதம் பிறந்ததும் ஒருநாள் இறங்கும்போது அவள் சொன்னாள்: "ஏங்க, சூசையப்பர் திருநாளுக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க."

பின்சீட்டில் இருந்த மீக்கோவின் காது கழுதைக் காது. பெர்கமோட் எலுமிச்சைத் தோட்டக்காரன், தெமேத்ரியோவின் கூட்டாளி.

"மச்சான், ரொம்பக் குதிக்காத. அன்னைக்கு நாதியத்தவங்களைக் கூப்பிட்டுத்தான் சாப்பாடு போடுவாங்க. உன்னைப் புண்ணியத்துக்குக் கூப்பிட்டாளா, மாப்பிள்ளையாக் கூப்பிட்டாளா?"

தெமேத்ரியோவின் தூக்கம் அன்றோடு போயிற்று. புண்ணியக் கணக்கா, மாப்பிள்ளைக் கணக்கா? எதுவாக இருந்தாலும் மேஜையில் எதிரே உட்கார்ந்தால் இடது கன்னம் தெரிந்துவிடுமே!

"இந்தக் கறைக்கு ஏதாவது வழி சொல்லுடா."

"நம்ம பழம் இருக்கும்போது வேற மருந்து எதுக்கு? தோலை நல்லாப் பிழிஞ்சு தேய். உள்ளே இருக்கிற எலும்பே வெளுத்துடும் பாரு."

அந்தக் கடற்கரை ஆட்கள் அப்படித்தான். முழங்கால் சிராய்ப்புக்கு பெர்கமோட், காய்ச்சலுக்கு பெர்கமோட், பஸ் இன்ஜின் இருமினாலும் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். தெமேத்ரியோ மத்தியானம் கிளம்புமுன் பச்சைத் தோலைப் பிழிந்து, எண்ணெய் வழிய வழியக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார். ஜன்னலோரம் வெயில் அவருக்காகவே காத்திருந்தது.

மறுநாள் கன்னம் வேகவைத்த இறால் மாதிரி சிவந்தது. பிறகு கொப்பளித்தது. கொப்புளம் அடங்கியதும், எண்ணெய் வழிந்த தடமெல்லாம் பழுப்புக் கோடுகளாகக் கழுத்துவரை இறங்கியிருந்தன. வரைபடத்தில் அத்தனை ஆறுகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மருந்துக்கடைப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தத் தோல் எண்ணெயைத் தடவிக்கிட்டு வெயில்ல போனீங்களா? வெந்து கறுக்காம என்ன செய்யும்? இது மங்க மாசக்கணக்கா ஆகும். இனிமே வெயில் தாங்குற க்ரீம் பூசாம வண்டியில ஏறாதீங்க. பழைய புள்ளியைத் தோல் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடுங்க. அப்புறம், அந்த மீக்கோ சொல்றதைக் கேக்காதீங்க."

"திருநாளுக்குள்ள சரியாயிடுமா?"

"எந்த வருஷத்துத் திருநாளுக்கு?"

போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் போனார். இடது கையைக் கன்னத்தில் முட்டுக் கொடுத்தபடியே போனார். மேஜையைச் சுற்றி ஊரின் தனிக்கட்டைக் கிழவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். சரி, புண்ணியக் கணக்குத்தான்!

"பல்லு வலியா?" என்றாள் கொன்சொலாத்தா.

"ஆமா... இல்ல..." கை தானாகக் கீழே இறங்கியது. கிழவர்கள் கொண்டைக்கடலை பாஸ்தாவை வாயில் வைத்தபடியே சிரித்தார்கள். ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு கிழவர் கையிலும் கோயிலில் மந்திரித்த ரொட்டி ஒன்று கொடுத்து வழியனுப்பினாள். தெமேத்ரியோவும் தொப்பியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். அந்தக் கையில் ஒரு ஏப்ரன் வந்து விழுந்தது.

"நீங்க எங்க கிளம்புறீங்க? தட்டைக் கழுவுங்க."

"எனக்கு ரொட்டி?"

"அது விருந்தாளிங்களுக்கு."

அவர் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பினார். "என் மூஞ்சியைப் பாத்தீங்கல்ல?"

"தினமும் இறங்கி பஸ்ஸுக்கு முன்னாடிதான ரோட்டைத் தாண்டுறேன்? முன்கண்ணாடி வழியா முழு மூஞ்சியும் தெரியும். புதுசா இந்தக் கோடு மட்டும் எதுக்குப் போட்டீங்க?"

அவர் பெர்கமோட் கதையைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கழுவி வைத்த தட்டுகளெல்லாம் ஆடின.

கோடுகள் மங்கக் கோடைகாலம் முழுவதும் பிடித்தது. பழைய கறுப்பு கொஞ்சம் வெளுத்தது; முழுதாகப் போகவில்லை, டாக்டரும் போகும் என்று சொல்லவில்லை. தினமும் பஸ் கிளம்புமுன் கொன்சொலாத்தா ஓட்டுநர் சீட்டருகே போய், திருவிழாவுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அவர் கன்னத்தில் க்ரீம் பூசுவாள்.

"யம்மா, சீக்கிரம் பூசு, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து மீக்கோ கத்துவான்.

"காது பாக்கி இருக்கு, உக்காரு," என்பாள் அவள்.