ஒரு முறை அடித்து நிற்கும் மணி

எங்கள் பள்ளத்தாக்கில் அவளை நாற்றுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை வளர்த்து விற்பது அவள் தொழில். வாய் கொஞ்சம் நீளம். நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்குகிறவர்களிடம், "உங்க பிள்ளையையும் கழுத்தைப் பிடிச்சுத்தான் தூக்குவீங்களா?" என்று கேட்டுவிடுவாள். பக்கத்து வயல்காரனான நானே பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய தம்பிக்கு மேட்டிலுள்ள திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. குழியில் தேங்கும் தண்ணீரை மோட்டார் போட்டு வெளியேற்ற வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீர் நேராக எங்கள் ஓடையில் இறங்கி, வாய்க்கால் வழியாக வயலுக்கு வரும். ஒருமுறை அது பாய்ந்து அவள் நாற்று அத்தனையும் கருகிப்போனது. தம்பி வந்து பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். வேலையை விடவும் வழியில்லை, படுக்கையில் கிடந்த அப்பாவின் வைத்தியம் அதில்தான் ஓடியது.

அக்காவும் தம்பியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மோட்டாரைப் போடும் முன் அவன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அவள் ஓடிப்போய் மடைப் பலகையை இறக்குவாள். அவளைப் பார்த்து நான், என்னைப் பார்த்து அடுத்தவர் என்று பள்ளத்தாக்கு முழுக்க மடை அடைபடும். யாரும் வெளியே மூச்சு விட்டதில்லை. விட்டால் அவன் பிழைப்பு போய்விடும்.

போன வருடம் சுரங்க நிறுவனம் எங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலேயே இரண்டாவது குழி தோண்ட அனுமதி கேட்டது. அது வந்தால் ஊற்று வற்றிவிடும், அப்புறம் மடை எதற்கு? பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நடத்த வந்த அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. சுரங்க மேலாளர் எழுந்து, குழித் தண்ணீரைக் குட்டையில் தெளிய வைத்துச் சுத்தமாகத்தான் விடுகிறோம் என்று குழைந்து குழைந்து பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லோரும் நாற்றுக்காரியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அவள் தலை நிமிரவில்லை. கறுப்புத் தண்ணீரைச் சொன்னால், அது வருவது முன்கூட்டியே எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்து தம்பியின் வேலை போகும், சொல்லாவிட்டால் ஊரின் தண்ணீர் போகும்.

அந்த நேரம் பார்த்து அவள் மடியிலிருந்த போன் ஒரு முறை அடித்து நின்றது. முந்தின நாள் நல்ல மழை, குழி நிரம்பியிருக்க வேண்டும். அவள் எழுந்து ஓடினாள். பழக்க தோஷம், பின்னாலேயே நாங்களும் ஓடினோம். என் நாற்காலி கவிழ்ந்தது, ஒரு செருப்பு மண்டபத்திலேயே தங்கிவிட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு மேலாளர் நின்றார்.

அதிகாரியும் எங்கள் பின்னால் வந்துவிட்டார். கரை நெடுகப் பலகைகள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஓடை கறுத்தது. அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இது வரப்போகுதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

நாற்றுக்காரி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அதிகாரியம்மா முன்னாடி நிக்கிறாங்க. நான் என்னடா சொல்றது?"

மறுமுனையில் மோட்டார் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"உள்ளதைச் சொல்லுக்கா. மோட்டாரை நிறுத்திட்டேன். நானே வரேன்."

அவன் வேலை அன்றைக்கே போயிற்று. ஆனால் இரண்டாவது குழிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பழைய குழியின் தண்ணீரையும் தெளிய வைத்து, சோதித்த பிறகே விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சோதிக்கும் ஆளைப் பள்ளத்தாக்குக்காரர்களே நியமிக்கலாம், சம்பளம் நிறுவனத்தின் தலையில். யாரைப் போடலாம் என்று பேசக் கூடினோம். உட்காருவதற்குள், அவள் தம்பிதான் என்று பேச்சு முடிந்துவிட்டது.

முதல் அழைப்பு வந்தபோது நான் அவளிடம் நாற்று வாங்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அவள் வழக்கம்போல் மடைக்கு ஓடிப் பலகையில் கை வைத்தாள். மணி நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா, தண்ணி தெளிஞ்சிருக்கு. தொறந்து விடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தூக்கினாள். நான் கையிலிருந்த நாற்றைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டே என் மடையைத் திறக்க ஓடினேன். அவள் திட்டவே இல்லை.