சம்பந்தி அம்மாவின் பீலிச் சங்கம்

இல்லை, எங்களுக்குள் கோபமெல்லாம் ஒன்றுமில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம் என்றிருந்தும் எங்கள் சம்பந்தி பாப்பம்மா மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம், அவர் ஆரம்பித்த சங்கம்தான்.

இரத்தோட்டைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை விட்டு வந்தவர்கள் குடியேறிய இடம் எங்களுடையது. அறுபதுகளுக்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் வீடுகள் கூடின; முகம் தெரிந்தவர்கள்தான் குறைந்தார்கள். போன மழைக்காலத்தில் எங்கள் தெருச் சந்திரகாந்தா துணையில்லாமல் பிரசவத்துக்குப் புறப்பட்டு, பஸ்ஸிலேயே பிள்ளை பெற்றாள். "இனிமே எவளும் தனியாப் போகக்கூடாது" என்று பாப்பம்மா கிளம்பிவிட்டார்.

முதல் கூட்டத்தைக் கோயில் வாசலில் வைத்தார். கடைவீதி முஸ்லிம் பெண்கள் வரவில்லை. அடுத்ததைக் கடைவீதியிலேயே, றமீஸா வீட்டில் வைத்தார். எங்கள் பெண்கள் வரவில்லை. பிறகுதான் எல்லோரும் தினமும் கூடுகிற இடம் நினைவுக்கு வந்தது: மலைத்தண்ணீர் விழும் பீலி. குடம் நிரம்புகிற நேரத்தில் சங்கம் பிறந்துவிட்டது. பிரசவத்துக்குப் போகிறவளோடு முறைக்காரி போவாள். முறைக்காரியின் பிள்ளைகளுக்கு இன்னொருத்தி சமைப்பாள். பீலியில் குடம் வைக்கிற வரிசைதான் முறை. யாரும் தாண்டக்கூடாது. சட்டம் போட்டதும் பாப்பம்மாதான்.

நேற்று விடியும்போது அவர் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, வலி கண்டது. முறை றமீஸாவுடையது. பாப்பம்மாவோ பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார்.

"நான் பெத்தவடி!"

"அதுக்கு? முறை என்னோடது, அக்கா" என்றாள் றமீஸா.

"அக்கா போயி இந்தக் கத்து கத்தினா, பெத்துக்க வந்தது யாருன்னு நர்ஸுக்கே குழம்பிரும்" என்றாள் சந்திரகாந்தா.

எல்லோரும் சிரித்தார்கள். றமீஸா சிரிக்கவில்லை.

"என்னை நம்ப ஏலாதா, அக்கா? அப்ப நாளைக்கு எங்க வீட்டுப் புள்ளைய நான் எப்பிடி ஒங்ககூட அனுப்புற?"

பாப்பம்மா பையை அவள் கையில் கொடுத்தார்.

சாயந்தரம் பேத்தி பிறந்தாள். மூக்கு என்னுடையதாம், மகன் சொன்னான், நான் மறுக்கவில்லை. இன்று காலை, முதல் பஸ்ஸுக்குச் சம்பந்தியையும் கூட்டிப்போகலாமென்று ஓடினேன். அவர் றமீஸா வீட்டு அடுப்படியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார்.

"பேத்தி எங்க ஓடிரப் போறா, சம்பந்தி? இவ புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும். அதுல சின்னது என் சம்பல்ல உப்புப் பத்தலங்குது! நீங்க போயி றமீஸாகிட்ட சொல்லுங்க, அவசரப்பட வேணாம், ஆறுதலா வரட்டும்னு."