செவ்வாய்க்கு டச்சிங் செய்த கதை

1. உறையைப் பிரித்தபோது

டிரெஸ்ஸர் அருளப்பன் உறையைப் பிரித்துப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"தம்பி, இதுல ஓரத்துல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சே?"

"எடுத்துட்டேங்க ஐயா. மூக்கு மேல எண்ணெய் வடிஞ்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கத்தி போட்டுத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு."

"சாம்பலா, திட்டுத் திட்டா இருந்தது?"

"அதையும் மறைச்சுட்டேன். இப்பப் பாருங்க, சின்னப் புள்ளை கன்னம் மாதிரி இருக்கு லா."

இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது. அவர் கையில் இருந்தது மனித முகம் இல்லை. செவ்வாய்க் கிரகத்தின் படம். அந்தக் கிரகத்தில் அவர் கண்ணால் கண்டதற்கு இருந்த ஒரே சாட்சியைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதற்குப் பாராட்டும் எதிர்பார்த்து நின்றிருக்கிறேன்.

2. தவுக்கே சொன்னதும் என் காதில் விழுந்ததும்

அப்போது ஜொகூர் பாருவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். எனக்கு டச்சிங் மேசை, படத்தில் முகக்குறைகளைத் திருத்துகிற வேலை. இப்போது ஸ்டூடியோவுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கண்ணாடி பிளேட் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிளேட்டில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக வர வேண்டியது பிளேட்டில் வெளிச்சமாக இருக்கும். வெள்ளையாக வர வேண்டியது கறுப்பாக இருக்கும். அம்மைத் தழும்பு, மரு எல்லாம் வெளிச்சப் புள்ளிகள். பென்சில் பிடிப்பதற்கு மீடியம் என்ற பிசினைத் தடவி, பென்சிலைக் கூராக்கி, அவற்றை நிரப்ப வேண்டும். நெற்றி மினுமினுப்பும் மூக்கு மினுமினுப்பும் கறுப்புப் புள்ளிகள். அவற்றைக் கத்தி முனையால் நைசாகச் சுரண்ட வேண்டும். பென்சில் வேலை பிடிக்காவிட்டால் கற்பூரத் தைலத்தில் துடைத்துவிடலாம். கத்தி வேலைக்கு மாற்று கிடையாது. சுரண்டியது போனதுதான்.

அருளப்பன் உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெஸ்ஸர். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. ஞாயிறு பூசைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோவுக்கும் வந்து தவுக்கேயோடு லென்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். சீமைக்குத் திரும்பிய பழைய துரை விற்றுவிட்டுப் போன டெலஸ்கோப் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் செவ்வாயைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தொப்பி. அது பனி என்பார், இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. வாரத்துக்கு வாரம் அது சிறுத்துக்கொண்டே வருகிறதாம்.

சிங்கப்பூரில் வானம் பார்க்கும் துரைமார் சங்கம் ஒன்று இருந்தது. படங்களை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். புத்தகத்தைப் பார்த்து வரைந்தாயா, இல்லை கற்பனையா என்று கேட்டார்களாம். போட்டோ இருந்தால் கொண்டு வா, போட்டோ பொய் சொல்லாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். டச்சிங் மேசையில் வயிறு வளர்த்த எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னால் துரை நம்பமாட்டார். இத்தனை பேர் வேலைக்கு மட்டம் போடுகிறார்கள் என்று எழுதிக்கொள்வார். ஒரு விஷயத்திலாவது தன் பேச்சு எடுபட வேண்டும் என்று அந்த மனிதருக்கு இருந்தது.

செவ்வாய் பூமிக்கு மிகவும் நெருங்கி வந்த வருஷம் அது. அதை விட்டால் அவ்வளவு பக்கத்தில் வர இன்னும் பதினைந்து வருஷம்போல ஆகும் என்றார். தவுக்கே கேமராவும் பிளேட்டும் இரவல் கொடுத்தார். மழை மேகத்தோடு மல்லுக்கட்டி அருளப்பன் எடுத்துவந்த பிளேட்டுகளில் ஒன்றில் மட்டும் ஒரு வட்டம் தெளிவாக விழுந்திருந்தது. பச்சைப்பயறு அளவுதான். மற்றதெல்லாம் ஆடிக் கலங்கியிருந்தன.

தவுக்கே அந்தப் பிளேட்டைக் கழுவிக் காய வைத்து, என் மேசையில் வைத்துவிட்டு வெளியே கிளம்பினார். அவர் என்னிடம் பேசுவது பாசார் மலாய், கடைத்தெருப் பேச்சு. வாசலில் நின்று, "பாய்க்-பாய்க், ஆ!" என்றார். பத்திரம், பார்த்து எடு என்று அர்த்தம். எங்கள் ஸ்டூடியோவில் டச்சிங் செய் என்பதற்கு "பிக்கின் பாய்க்" என்போம், சரிபண்ணு என்று. வெளியே மாட்டுவண்டிச் சத்தம். என் காதில் "பிக்கின் பாய்க்" என்றுதான் விழுந்தது. திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பயறளவு முகம் எனக்குப் புதிதில்லை. குரூப் போட்டோவில் பின்வரிசை ஆட்களின் முகம் அவ்வளவுதான் இருக்கும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் அத்தை மகள் கல்யாணத்தை மூன்று தடவை நிறுத்திய கிரகம் இத்தனூண்டுதானா என்று மனசுக்குள் கேலி வேறு. செவ்வாய் என்றால் எனக்குக் கோயிலில் சிவப்புத் துணி கட்டி நிற்கிற அங்காரகன்தான். அதற்கு ஒரு நிலம் இருக்கும், நிலத்தில் கறுப்பு வெளுப்பு இருக்கும் என்று என் கற்பனை ஓடவில்லை. நிலாவில் கறை இருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான் நான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. திட்டுகளை லென்ஸ் அழுக்கு என்று முடிவுகட்டி நிரப்பினேன். வெள்ளைத் தொப்பியை மினுமினுப்பு என்று சுரண்டினேன். பிரிண்டும் போட்டு உறையில் வைத்தேன். தவுக்கே திரும்பி வருவதற்குள் டிரெஸ்ஸர் வந்துவிட்டார்.

3. கற்பூரத் தைலம்

தவுக்கே வந்து பிளேட்டைப் பார்த்தார். "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். என்னை அடிக்காததுதான் பாக்கி. பஞ்சில் கற்பூரத் தைலம் நனைத்து அவரே துடைத்தார். பென்சில் போயிற்று. சாம்பல் திட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தொப்பி இருந்த இடத்தில் மட்டும் என் கத்தித் தடம்.

தவுக்கே வியாபாரி. உடனே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். டிரெஸ்ஸரிடம் வரைந்த படம் இருக்கிறது, என்னிடம் கை இருக்கிறது, பிளேட்டில் மை தொட்டு அந்தத் தொப்பியை அதே இடத்தில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு உயிர் வந்தது. செய்த தப்பை அழிக்க அதைவிட நல்ல வழி ஏது? தூரிகையைக்கூட எடுத்துவிட்டேன்.

அருளப்பன் என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"வேணாம். அதை வரைஞ்சு வெச்சா, கற்பனைன்னு சங்கத்துல சொன்னது நிஜமாயிரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, சனிக்கிழமை நீ என்கூட சிங்கப்பூருக்கு வா. இங்க வெள்ளை இருந்துச்சு, நான்தான் சுரண்டிட்டேன்னு அவங்க முன்னால சொல்லு. எனக்கு அது போதும்."

"கட்டாயம் வரேங்க ஐயா. உங்க கால்ல விழுந்து கேக்கிறேன், மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் எதுக்கு? வந்து சொல்லு."

4. சங்கத்தில்

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. கோட்டுப் போட்டுக்கொண்டு, பிளேட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார் அருளப்பன். போனது பிற்பகல் தேநீர் நேரம். பெரிய கூடம், மேசை நிறைய கேக். துரைமார் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். தலைவர் பிரிண்டை வாங்கிப் பார்த்து, வெள்ளைத் தொப்பி எங்கே என்று கேட்டார். அருளப்பன் என்னைக் காட்டினார்.

எனக்கு இங்கிலீஷ் வராது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மலாய் வார்த்தைகளில் பாதி மறந்துவிட்டது. "சாயா பிக்கின் பெர்சே, துவான்" என்றேன். நான் சுத்தம் பண்ணிவிட்டேன் என்று அர்த்தம்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழட்டுத் துரை, "சாபூன் பாக்கே கா?" என்றார். சோப்புப் போட்டா என்று கேட்கிறார். கூடமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. செவ்வாய்க்கு முகம் கழுவியவன் என்று ஒருவர் முதுகில் தட்டினார், ஒருவர் கேக் கொடுத்தார். அடுத்த அறையிலிருந்து வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல் என்றார்கள்.

சொன்னேன். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். இரண்டாம் தடவை கன்னத்தில் கையால் துடைத்துக்கூடக் காட்டினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் என்னைச் சுற்றி நின்று சந்தோஷப்படுவது அதுவரை நான் காணாத ஒன்று. எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன்.

அருளப்பன் சன்னல் பக்கம் பிளேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பல் திட்டுகள் அதில் அப்படியேதான் இருந்தன. வாருங்கள், பாருங்கள் என்று இங்கிலீஷில் இரண்டு தடவை கூப்பிட்டார். தலைவர் மட்டும் போய், அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கேக் மேசைக்குத் திரும்பினார்.

5. திரும்பும்போது

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பூர்க் கரையில் உட்லண்ட்ஸ் தாண்டிக் கடல் தெரிந்த பிறகுதான் அருளப்பன் வாயைத் திறந்தார்.

"சுரண்டினது தெரியாம செஞ்சது. அது போகட்டும். நீ எதுக்குத் தம்பி சிரிச்சே?"

நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஜொகூர் பாரு வந்ததும் துண்டுப் பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு ஸ்டூடியோவுக்கு வரவில்லை. தங்காக் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது உண்டு. யாருடைய பிளேட்டானாலும் கத்தி எடுக்குமுன், இதில் எது இருக்கணும் என்று கேளுங்கள். அந்தப் பாடத்தை அன்றே படித்தேன். அதற்குப் பிறகு ஒரு பிளேட்டையும் கெடுத்ததில்லை. ஆனால் சுரண்டியதற்கு மட்டும்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ரயில் பாலத்தைத் தாண்டும் வரை நேரம் இருந்தும், சிரித்ததற்குக் கேட்கவில்லை.