முள்ளம்பன்றி கொண்டுபோன கிழங்குகள்

கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே, மலைச்சரிவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் தோட்டம் மூன்று தட்டுகளாக இறங்கும். மேல் தட்டில் மிளகாயும் கறிவேப்பிலையும், நடுத்தட்டில் என் மனைவியின் பூக்கள், கீழ்த்தட்டில் வாழை. இந்த ஒழுங்கை வகுத்தவன் நான். என் தகப்பனார் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சரிவில் மண் தங்கவேண்டுமானால் முதலில் தண்ணீர் ஓடக் கான் வெட்டவேண்டும், பிறகுதான் செடி நடவேண்டும் என்பது நான் நடை பழகிய காலத்திலேயே காதில் விழுந்த பேச்சு. ஆகவே ஒவ்வொரு தட்டின் தலைமாட்டிலும் குறுக்கே ஒரு கான் வெட்டி, மழைத்தண்ணீர் பாத்திக்குள் பாயாமல் பக்கவாட்டில் ஓட வழி செய்திருந்தேன்.

நான் கிளாக்கர் வேலை பார்த்த கந்தோரிலிருந்து வந்து உடுப்பு மாற்றியதும் முதலில் பார்ப்பது அந்தக் கான்களைத்தான். கிணற்றடியில் ஒரு வெறும் தகரப் பால்பேணியும் வைத்திருந்தேன். அதில் விழுந்த மழையை ஈர்க்கால் அளந்து நாட்குறிப்பில் எழுதுவது வழக்கம்.

"எழுதி வச்சா நாளைக்கு மழை கொறயுமா?" என்பாள் மனைவி.

"குறையாது. ஆனா எவ்வளவு பெய்ஞ்சதுன்னு தெரியும்."

"முத்தத்துல நின்னு பார்த்தாலே தெரியுதே."

முப்பதுகளின் நடுவில், மலேரியாக் காய்ச்சல் ஊரெங்கும் பரவிய மாரிகாலத்தில், எங்கள் ஒரே மகளும் படுத்தாள். கசக்கும் கொயினா மருந்தை விழுங்கவைப்பது ஒரு போராட்டம். நாளுக்கு நாள் அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மடவளை ஊர் முஸ்லிம்; டவுனில் புடவைக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி தினமும் வேலி இடைவெளியால் ஒரு கோப்பை கஞ்சி நீட்டுவார். சில நாட்களில் மகள் அது ஒன்றைத்தான் குடித்தாள். அவரை என் மனைவி ராத்தா என்று அழைப்பாள். அவர்களுக்குள் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். நான் முற்றத்தில் இருந்தால் ராத்தா முக்காட்டை இழுத்துக்கொள்வார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்குச் சொல்லவேண்டியதையும் மனைவியிடமே சொல்வார்.

அந்த நாட்களில்தான் மனைவி நேர்த்தி வைத்தாள். எங்கள் கோவிலில் மே மாதம் முழுவதும் மாதாவின் பீடத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் பூ வைக்கும். கடைசி நாளில் மாதாவின் சுரூபத்தைச் சுற்றுப்பிரகாரமாகக் கொண்டுவருவார்கள். அன்றைக்குப் பூவும் அதிகம் வேண்டும். பெரும்பாலானோர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். பிள்ளை எழும்பினால் கடைசி நாளின் பூ முழுவதும் தன் வீட்டு மண்ணில் விளைந்ததாகவே இருக்கும், கடைப்பூ ஒரு காம்புகூட இருக்காது என்று அவள் மாதாவிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. பிள்ளை எழும்பினாள்.

பேராதனை ரயில் நிலையத்தில் வேலைசெய்த என் மைத்துனர் ஒரு சாக்கில் நிலச்சம்பங்கிக் கிழங்குகள் கொண்டுவந்து தந்தார். நடுத்தட்டு முழுவதையும் கொத்தி, எருப் போட்டு, கயிறு பிடித்து வரிசையாக நட்டோம். மனைவி ஒவ்வொரு கிழங்கையும் குழிக்குள் வைக்கும்போது அதற்கு ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

கிழங்குகள் முளைவிட்ட நேரத்தில், ஒரு காலை, வேலி ஓரத்து வரிசையில் வரிசையாகக் குழிகள். கிழங்குகளைக் காணவில்லை. நான் மண்ணைக் கிளறிப் பார்த்து, இது முள்ளம்பன்றியின் வேலை என்று முடிவு செய்தேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணிகளை வேலியில் கட்டினேன். வெறும் பேணிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன்.

ராத்தா வேலியருகே வந்து நின்று அனுதாபப்பட்டார். அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும், 'சொல்லு' என்பது 'செல்லு' ஆகும்.

"ராவு சத்தம் கேட்டிச்சு தங்கச்சி. இந்தப் பக்கமாத்தான் போச்சு. பெரிய மிருகம் போல ஈக்கி."

"பார்த்தீங்களா ராத்தா?"

"பாக்கல்ல. கேட்டது மட்டுந்தான்."

அதன் பிறகு அந்த மிருகம் வரவில்லை. மண்ணெண்ணெய்த் துணியின் வெற்றி என்று நான் நாட்குறிப்பில் எழுதினேன்.

சித்திரை பிறந்ததும் பிற்பகல் தோறும் இடிமழை தொடங்கியது. பேணி நிரம்பி வழிந்த நாட்களும் உண்டு. கான்கள் தம் வேலையைச் செய்தன. கீழ் வீதிக்குச் சிவப்புத் தண்ணீர் ஓடியபோதும் எங்கள் பாத்தியின் மண் அசையவில்லை. மே பிறந்தபோது தண்டுகள் ஓங்கி, நுனியில் பச்சை மொட்டுகள் திரண்டிருந்தன. ஒவ்வொரு தண்டுக்கும் மூங்கில் சிம்பு ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டினேன். காற்று பள்ளத்திலிருந்து மேலேறி வரும் என்பதால், அதைத் தடுக்கத்தான் கீழ்த்தட்டில் வாழையை நெருக்கமாக நட்டிருந்தேன். குலை தள்ளிய மரங்களுக்கு முட்டும் கொடுத்திருந்தேன். என்னால் செய்யக்கூடியது எல்லாம் செய்தாயிற்று என்ற நிம்மதி எனக்கு இருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பிற்பகலில் பெருங்காற்று வந்தது. கந்தோர் யன்னல்கள் அடித்துக்கொண்டன. ஏரிக்கரையில் மரக்கொம்புகள் முறிந்து கிடந்தன. குடையைப் பிடிக்க முடியாமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி நடுத்தட்டில் மழையிலேயே நின்றுகொண்டிருந்தாள். காற்றைத் தடுக்க நான் நட்ட வாழைகள், குலையோடு, முட்டுக் கம்புகளையும் இழுத்துக்கொண்டு மேல்நோக்கிச் சாய்ந்து, சம்பங்கிப் பாத்தியின் மேல் படுத்திருந்தன.

கத்தியை எடுத்து வாழைகளை வெட்டி அகற்றினேன். அடியில் எல்லாம் நசுங்கிப்போயிருந்தது. ஓரமாக நின்று தப்பிய தண்டுகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கின.

"நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்," என்றேன். "இருக்கிறதோட சேர்த்து வைப்போம். காற்று அடிச்சது மாதாவுக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லிட்டு இன்னொண்ணு செய்யச் சொல்றீங்களா? நான் என்ன பொடவைக்கா நேர்ந்துகிட்டேன்? பிள்ளைக்கு."

வீட்டுக்குள் மகள் இருமினாள். மழைக் குளிருக்கு வந்த சாதாரண இருமல். ஆனாலும் மனைவியின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் திரும்பி வரும் என்று அவள் அஞ்சுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இந்தப் பூக்கள் அவளுக்கு அலங்காரம் அல்ல. பிள்ளைக்காகக் கொடுத்த வாக்கு.

வேலிக்கு அப்பால் ராத்தா நின்றிருந்தார். வாழை முறிந்த சத்தம் கேட்டு வந்திருக்கவேண்டும். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மழையில் முக்காடு நனைய, இடுப்பில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தாங்கிக்கொண்டு வேலி இடைவெளியால் நுழைந்தார். தகரம் நிறைய மண். மண்ணிலிருந்து நிமிர்ந்து நின்றன வெண்மொட்டு விரியத் தொடங்கிய சம்பங்கித் தண்டுகள்.

"இன்னும் ஈக்கி தங்கச்சி. குசினிச் சுவருக்குப் பின்னால. ஒருத்தரும் பாக்காத எடம். காத்தும் பாக்கல்ல."

மனைவி தகரத்தையும் ராத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏது ராத்தா?"

"ஒங்கட வீட்டுக்காரர் தேடின முள்ளம்பன்றி நான்தான்."

நான் கத்தியுடன் அங்கேயே நின்றேன். ராத்தா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, மனைவியைப் பார்த்தே தொடர்ந்தார்.

"கேட்டு வாங்கின கிழங்கு வேர் பிடிக்காது, சொல்லாம எடுத்ததுதான் பிடிக்கும்னு எங்கட உம்மா செல்லுவா. கேட்டா நீங்க தந்திருப்பீங்க, அது தெரியும். தந்தா பிடிக்காதே. அதுக்குப் பொறகு கிளாக்கர் ஐயா துணி கட்டினாரு, பேணி கட்டினாரு. நான் எப்படிச் செல்ற? பாக்குற எடத்துல வைக்கவும் வெக்கமா ஈந்திச்சு."

"பெரிய மிருகம்னு சொன்னீங்களே ராத்தா."

"பொய்யா? பாருங்க நான் ஈக்கிற சைஸை."

மனைவி சிரித்தாள். மகள் படுத்த நாளிலிருந்து அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"கிழங்கு என்னுது. சரி. ஆனா எங்க வீட்டு மண்ணுல விளைஞ்சதுன்னுதான் நேர்ந்துகிட்டேன், ராத்தா."

"மண்ணும் ஒங்கடதான். அவசரத்துல கிழங்கைத் தனியா எடுக்க நேரம் எங்க? மண்ணோட அள்ளிக்கிட்டு ஓடினன். அதே மண்ணுதான் இந்தத் தகரத்துல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கட மாதாதான் எங்கட மர்யம் பீவி. எங்களுக்கும் பெரியவங்க தங்கச்சி. களவாண்ட பூவை அவங்களுக்கு வச்சா ஏத்துக்குவாங்களா, அதுதான் எனக்குப் பயமா ஈக்கி," என்றார்.

மனைவி குனிந்து தகரத்தின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த மண்ணில் நான் சலித்துப் போட்ட எருவின் கருப்பு தெரிந்தது.

"எடுத்தது நீங்க. வைக்கிறது நான். அதை நான் மாதாகிட்ட பேசிக்கிறேன்," என்றாள்.

மறுநாள் விடியற்காலை நாங்கள் மூவருமாக, நானும் மனைவியும் வேலியின் இந்தப் பக்கத்திலும் ராத்தா அந்தப் பக்கத்திலும் நின்று, தண்டுகளை வெட்டிக் கைமாற்றினோம். ராத்தா தன் தகரங்களில் ஒரு தண்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எங்கள் பாத்தியில் தப்பிய கைப்பிடிப் பூவையும் சேர்த்துக் கட்டியபோது மகளால் அந்தக் கட்டைத் தூக்க முடியவில்லை. மழை விடாததால் சுற்றுப்பிரகாரம் கோவிலுக்குள்ளேயே நடந்தது. கதவுகள் சாத்தியிருந்ததால் சம்பங்கி வாசனை வெளியே போக வழியில்லாமல் நின்றது. மனைவி பீடத்தின் முன்னே வெகுநேரம் முழந்தாளில் இருந்தாள். ராத்தாவின் விஷயத்தை எப்படிப் பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. மகளின் இருமல் இரண்டொரு நாளில் போயிற்று, காய்ச்சல் திரும்பவில்லை.

அன்றிரவு நாட்குறிப்பில் மழையளவை எழுதியபின் சற்று யோசித்தேன். நான் வெட்டிய கான் மண்ணைக் காத்தது. நான் நட்ட வாழை பூவை நசுக்கியது. நான் விரட்டிவிட்டதாக நினைத்த களவுதான் எங்கள் வாக்கைக் காப்பாற்றியது. மூன்றையும் எழுதினேன். நன்றி என்று எழுதப் போய், யாருக்கு என்று எழுதுவதில் தடுமாறி, யார் பெயரும் இல்லாமல் விட்டேன்.

வேலியில் கட்டியிருந்த துணிகளையும் பேணிகளையும் அவிழ்த்தெறிந்தேன். நசுங்கிய பாத்தியின் கிழங்குகளில் பெரும்பகுதி அந்த மழையிலேயே அழுகிவிட்டது. அடுத்த நடுகைக்கு என் மைத்துனரைத்தான் கேட்கவேண்டும் என்றிருந்தேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"ராத்தா வீட்டுக் குசினிக்குப் பின்னால இருக்கே."

"சரி, கேளு. தருவாங்க."

"கேட்டா பிடிக்காது," என்று சொல்லி, மண்வெட்டியை என் கையில் தந்தாள்.

மழை விட்ட ஒரு மாலை, வயது வந்த மனிதன், கந்தோரில் பேனாவைக்கூட இடம் மாற்றி வைக்காதவன், வேலி இடைவெளியால் குனிந்து நுழைந்தேன். ஒரு தகரத்தின் அருகே உட்கார்ந்து, கிழங்குகளை மண்ணோடு அள்ளி, இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் மடியில் கட்டினேன். குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நான் அசையவில்லை.

ராத்தா என் பக்கம் பார்க்காமலே, எங்கள் வீட்டுப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒங்கட பக்கத்து முள்ளம்பன்றி வந்தீக்கி போல. மண்ணையும் சேர்த்து எடுக்கச் செல்லுங்க."