வாசலில் இல்லாத வேப்பிலை

அப்பாவின் புத்தகப் பெட்டியின் பூட்டு தொடையில் குத்திக்கொண்டே வந்தது. மாட்டுவண்டியில் வேறு இடமில்லாததால் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். புதுக்கோட்டையில் கிளம்பி அன்னவாசல் தாண்டும்வரை செம்மண் புழுதி... வாயை மூடினால் பல்லில் நறநறவென்றது.

தோழிகளே, நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எல்லோரும் சின்ன வயதுக் குறும்புகளை எழுதினீர்கள். என்னிடம் இருப்பது வேறு மாதிரி. நான்கு வருஷத்துக்கு முந்தையது. அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா பட்டணத்தில் வாத்தியாராக இருந்தார். ஒரு நாள் காலை ஜெபத்திலிருந்து எழுந்து, "கர்த்தர் என்னைக் கிராமத்து ஊழியத்துக்குக் கூப்பிடுறார்" என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்களையும் சேத்துத்தான் கூப்பிட்டாராங்க?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அப்பா வேலையை விட்டு உபதேசியார் ஆனார். நாங்கள் வண்டி ஏறினோம்.

அந்த ஊரில் எங்களுக்கு ஒரே அறை. பகலில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு, மற்ற நேரம் வீடு. அம்மாவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டியிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் சமையலும் படுக்கையும்.

மீனாள் அங்கேதான் கிடைத்தாள். என் வயதுதான். ஒரு எழுத்தும் தெரியாமல் வந்தவள், ஆறு மாதத்தில் என் படப்புத்தகத்தை விரல் வைத்துப் படித்தாள். வாய் மட்டும் ஓயாது.

"ஒங்க சாமிக்குப் பொங்கலும் கெடையாது, கெடாவும் கெடையாது. வெறும் பாட்டுத்தானா? பாவம்டி அது."

மாசி மாதம் என் தங்கை எஸ்தருக்கு அம்மை போட்டது. மூன்று வயது. எனக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியிருந்தார்கள். அவளுக்குக் குத்துவதற்குள் நாங்கள் ஊர் மாறியிருந்தோம்.

அந்தப் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். அம்மா ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம்" என்றார் அப்பா. "மாரியாத்தாவுக்குக் கட்டுனதாத்தான் ஊரு நெனைக்கும். இம்புட்டு நாள் நான் சொன்னதெல்லாம் என்னாகும்?"

"சாமிக்காகவா கட்டச் சொல்றேன்? யாரும் வந்துறக் கூடாதுன்னுதானேங்க."

"நான் வாயால சொல்லிட்டு வாரேன்."

சொன்னார்தான். ஊர்த்தலைவர் அம்பலக்காரரிடம் தொடங்கி வீடு வீடாக, எட்ட நின்று, பள்ளிக்கூடம் கிடையாது, யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா அந்தக் கொத்தை எஸ்தரின் தலைமாட்டில் விசிறியாக வைத்துக்கொண்டாள்.

மீனாள் அன்று ஊரில் இல்லை. கொடும்பாளூர்ப் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள்.

எட்டாம் நாள் அவள் திரும்பி வந்தாள். வந்தவள் நேராக என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஓடிவந்தாள். அம்மா கிணற்றடியில். அப்பா வெளியே. கதவு ஒருக்களித்திருந்தது.

"ஏன்டி கதவைச் சாத்தி வச்சிருக்க?"

"எஸ்தருக்குக் காய்ச்சல்" என்றேன்.

மீனாள் தலையைத் தூக்கி வாசல் நிலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஏன் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்... எட்டு நாளாக நான் ஒருவரோடும் பேசியிருக்கவில்லை.

"வெறுங் காச்சல்தானா?" என்று உள்ளே வந்துவிட்டாள்.

மடித்து வைத்திருந்த எஸ்தரின் போர்வை மேல் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றால் ஏன் என்று கேட்பாள். நான் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வரை ஒரு தப்பும் இல்லாமல் படித்துக் காட்டினாள். அம்மா வருகிற சத்தம் கேட்டதும், "பெறகு வாரேன்டி" என்று ஓடிப்போனாள்.

எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். அப்பா முழங்காலில் நின்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்ன அதே வாரம், மீனாள் வீட்டு வாசல் நிறைய வேப்பிலை. அப்பா தினமும் அந்தத் தெருவில் எட்ட நின்று ஜெபித்தார். பத்தாம் நாள் பறைச்சத்தம் கேட்டது.

பல நாள் கழித்து மீனாளின் ஆத்தா வந்தாள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உபதேசியாரே, எம்புள்ள இங்கிட்டு வந்தா ஒங்க வாசலப் பாத்துட்டுத்தானே நொழைஞ்சிருப்பா. ஒரு கொத்து எலை இருந்திருந்தா அங்கிட்டே நின்னு திரும்பியிருக்கும்ல?"

அப்பா வேதப்புத்தகத்தை மூடினார். "தப்பு என் மேலதாம்மா" என்றார்.

நான் சேலைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் என்னை இங்கே விடுதியில் சேர்த்தார்கள். போன மாதம் நம் சின்னப் பிள்ளைகள் இருவருக்கு அம்மை கண்டபோது, மேட்ரன் அம்மா நோயாளி அறைக் கதவில் சிவப்புத் துணி கட்டினார்கள். ஒருத்தியும் கிட்டே போகவில்லை. நான் தூரத்தில் நின்று அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது வாசல் நிலையில் ஒரு பெரிய ஆணி அடித்திருந்தது. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

"எதுக்குப்பா இது?"

"இருக்கட்டும்மா. வேணுங்கையில தேடிக்கிட்டு நிக்கக் கூடாது."

ஊழியத்துக்குப் புறப்படும்போதெல்லாம் அப்பா அந்த ஆணியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறார். மீனாள் நிமிர்ந்து பார்த்த அதே இடம். நான் கதவருகே நின்று பேசாமலிருந்தது அவருக்கு இன்னும் தெரியாது. முழுவதையும் அவரே சுமக்கிறார்.

கோடை விடுமுறைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போனதும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் இந்தத் தாளையே கொடுத்துவிடுவேன்.